வயர் இன்சுலேஷனும் சூடும்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

27 வருஷம் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு, இப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மைத்துனர் நடத்தும் மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கருகின காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் சுற்றிச்சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தினமும் தொண்டை வறளப் பேசுவதற்கு ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மெகர் வைத்தால் நல்ல ரீடிங் வருகிறது. அப்புறம் ஏன் வயரை மாற்றச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. சூட்டில் கிடந்த இன்சுலேஷன் முதலில் இழப்பது மின்சாரத்தைத் தடுக்கும் சக்தியை அல்ல, வளைந்து கொடுக்கும் குணத்தை. மெகர் என்பது இன்சுலேஷனின் மின்தடையைப் பார்க்கும் மீட்டர், அது அளப்பது தடையை மட்டும். முறுக்கென்று காய்ந்து போன பிவிசி தோலும் அசையாமல் கிடக்கும்வரை நல்ல தடைதான் காட்டும். அதில் கலந்திருந்த எண்ணெய் ஆவியாகிவிட்டதால் சில சமயம் புதுசைவிடக் கூடுதலாகவே காட்டும். நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் நடப்பு.

நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. பாய்லர் பக்கத்தில் ஓடிய ஒரு மோட்டாருக்கு வருடாந்தர செக்கிங். கேபிளை அசைக்காமல் மெகர் போட்டேன், 200 மெகாஓம் வந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறு வாரம் பேரிங் மாற்ற டெர்மினல் பாக்ஸைத் திறந்து கேபிளைக் கொஞ்சம் திருப்பியதும் தோல் வறுத்த முந்திரியின் தோல் மாதிரி உதிர்ந்தது. அதைச் சரியாகக் கவனிக்காமல் சப்ளை கொடுத்தார்கள், ஷார்ட். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த 200க்குப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து. அன்றிலிருந்து மெகருக்கு முன்னால் கண், மூக்கு, விரல் மூன்றையும் வைத்துப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மெகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈரம், அழுக்கு, ஏற்கெனவே விழுந்த ஓட்டை இதையெல்லாம் அது நன்றாகப் பிடிக்கும். சூட்டில் வந்த முதுமையைத்தான் கடைசி நேரத்தில் சொல்லும்.

சூட்டில் பிளாஸ்டிக்குக்கு உள்ளே என்னதான் ஆகிறது?

பாலிமர் என்பது நீள நீளமான சங்கிலி மூலக்கூறுகள் பின்னிக் கிடப்பது. துறைமுகத்தில் காயப் போட்டிருக்கும் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் அங்கங்கே அறுந்தாலும் வலை கெட்டது. கண்ணுக்குக் கண் வேண்டாத முடிச்சு விழுந்து இறுகிப்போனாலும் கெட்டது. சூடும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து இந்த இரண்டு வேலையையும் செய்யும். சங்கிலி அறுவது மேலோங்கினால் பொருள் பிசுபிசுத்துப் பலமிழக்கும், முடிச்சு மேலோங்கினால் கட்டையாகி வெடிக்கும். இயற்கை ரப்பரில் இரண்டையுமே பார்க்கலாம்.

இதைத் தாமதப்படுத்தத்தான் கம்பெனிக்காரர்கள் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அது முதலில் செலவாகும். அது இருக்கும்வரை வயர் வருஷக்கணக்கில் மாறாமல் இருப்பதுபோலத் தோன்றும், அது தீர்ந்த பிறகு சரிவு சட்டென்று வரும். "போன வருஷம் நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். இருந்தது, உண்மைதான். இன்னொன்று, செம்பே இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும், அதிலும் பாலிஎத்திலீனில் நன்றாகவே. காற்று வெளியிலிருந்து கெடுக்கிறது, செம்பு உள்ளிருந்து கெடுக்கிறது.

பிவிசி வயர் ஏன் முதலில் விறைக்கிறது, பிறகு பழுப்பாகிறது?

இரண்டும் தனித்தனி வியாதி. வீட்டுத் தண்ணீர் பைப்பும் வயரின் தோலும் ஒரே பிளாஸ்டிக், தெரியுமா? பைப்பை வளைக்க முடியாது, வயரை முடியும், ஏனென்றால் வயரில் எடையில் ஏறத்தாழ கால் பங்குவரை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரிப் பொருளைக் கலந்திருக்கிறார்கள். சூட்டில் அது மெல்ல மெல்ல ஆவியாகும், அல்லது பக்கத்துப் பொருளுக்கு ஊறிப் போகும். போகப்போக வயர் பைப்பாகிறது. சில பழைய வயர்களில் அந்த எண்ணெய் செம்போடு சேர்ந்து பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று சுவிட்ச் பெட்டிக்குள் வடிந்திருப்பதைக்கூடப் பார்க்கலாம்.

பழுப்பு வேறு. அதிகச் சூட்டில் பிவிசி சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு பிரியும். அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டாகி நிறம் ஏறும், முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. பிரிந்த வாயுவே மேலும் பிரிவதைத் தூண்டும் என்பதுதான் இதில் மோசம். அதைப் பிடித்து அடக்கத்தான் நிலைப்படுத்தி சேர்க்கிறார்கள். முன்பு ஈய உப்புகள், இப்போது பெரும்பாலும் கால்சியம், துத்தநாகம். விறைத்த வயர் கிழவன், கறுத்த வயர் நோயாளி என்று கடையில் பையன்களுக்குச் சொல்வேன்.

வயரில் 70 டிகிரி, 85 டிகிரி, 90 டிகிரி என்கிறார்களே?

அது உள்ளே இருக்கும் செம்பின் சூடு, வெளிக்காற்றின் சூடு அல்ல. சாதாரண பிவிசி 70, சூடு தாங்கும் வகையான எச்ஆர் பிவிசி 85, எக்ஸ்எல்பிஇ 90. எக்ஸ்எல்பிஇ என்பது சங்கிலிகளை வேண்டுமென்றே ஒன்றோடொன்று கட்டிய பாலிஎத்திலீன், அதனால் உருகி ஓடாது. ஷார்ட் ஆகும் சில விநாடிகளுக்கு மட்டும் பிவிசி 160வரை, எக்ஸ்எல்பிஇ 250வரை போகலாம்.

70 என்பது அந்த அளவுவரை ஒன்றும் ஆகாது, 71இல் செத்துவிடும் என்ற கோடு இல்லை. 60இலும் வயசாகிறது, மெதுவாக.

எஃப்ஆர் வயர்தான் போட்டிருக்கிறேன், அது சூடு தாங்கும்தானே?

இல்லை. எஃப்ஆர் என்றால் தீ பரவாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சூடு தாங்குவது எச்ஆர். சுருளின் மேல் இரண்டும் அச்சாகியிருந்தால் நல்லது, எஃப்ஆர் மட்டும் என்றால் அதைச் சாதாரண 70 டிகிரி வயராகவே நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் லைட்டரால் கொளுத்திக் காட்டுவார்கள், உடனே அணையும், நாமும் மயங்கி வாங்குவோம். 15 வருஷம் கழித்து அந்தத் தோல் எப்படி இருக்கும் என்று லைட்டர் சொல்லாது.

10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை, வேதவாக்கு இல்லை. 1930இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷனைப் பார்த்து, சூடு இத்தனை டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகிறது என்று ஒரு விதி சொன்னார். அந்த எண் 8, 10 என்று பொருளுக்குப் பொருள் மாறும். 1948இல் டேக்கின் என்பவர் இது சாதாரண வேதிவினைதான், சூடு ஏறினால் வினை வேகமாகும் என்று ஸ்வீடன்காரர் அர்ரேனியஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய சமன்பாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் இன்சுலேஷன் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை எழுத்தால் வகை பிரித்திருக்கிறார்கள், அதில் கிளாஸ் எஃப் என்றால் 155 டிகிரி என்று தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சூட்டில் எவ்வளவு நாள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மாதிரி எண்களைச் சோதித்து வைப்பதற்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் காலம் 20,000 மணி நேரம். நிறுத்தாமல் ஓட்டினால் 2 வருஷம் 3 மாசம், அவ்வளவுதான்! அதே காயில் 135 டிகிரியில் ஓடினால் 10க்குப் பாதி விதிப்படி 80,000 மணி, 9 வருஷத்துக்கு மேல். நல்ல மோட்டார்களில் கிளாஸ் எஃப் பொருளைச் சுற்றிவிட்டு, சூட்டை மட்டும் கிளாஸ் பி அளவான 130க்குள் வைத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

கரன்ட் பக்கமும் பாருங்கள். 20 சதவீதம் கூடுதலாக இழுத்தால் சூடு 44 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும். "கொஞ்சம்தானே ஓவர்லோடு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், பிறகு பில் எழுதுவேன்.

ஒரு வாரம் ஓவனில் வைத்துவிட்டு 25 வருஷம் வரும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அந்த ஒரு வாரம் ஆயுள் சோதனை இல்லை, தரம் சரியா என்று பார்ப்பது. எக்ஸ்எல்பிஇ என்றால் 135 டிகிரியில் 168 மணி நேரம் சூடான காற்றில் வைப்பார்கள், பிறகு இழுத்துப் பார்த்து, அறும்வரை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு பலம் என்று அளப்பார்கள். பழைய அளவிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. இங்கேயும் கவனியுங்கள், அளப்பது நீட்சியைத்தான், மின்தடையை அல்ல.

ஆயுளைக் கணிக்க வேண்டுமென்றால் மூன்று நான்கு வெவ்வேறு சூட்டில் மாசக்கணக்கில் வைத்து, குணம் பாதியாகும் நேரத்தைக் குறித்து, கோடு இழுத்துக் கீழே நீட்ட வேண்டும். அதிலும் ஒரு குழி இருக்கிறது. பாலிஎத்திலீன் 110 டிகிரியை ஒட்டியே உருக ஆரம்பிக்கும், அதற்கு மேலே பார்த்ததை வைத்து அதற்குக் கீழே நடப்பதைச் சொன்னால் தப்பாகப் போகலாம். அதோடு ரொம்பச் சூட்டில் மேல்தோல் வேகமாக ஆக்சிஜனைக் குடித்துவிட உள்ளே போய்ச் சேருவதே இல்லை, மேலே ஓடு மாதிரி இறுகி உள்ளே புதுசாகவே இருக்கும். நிஜத்தில் 60 டிகிரியில் 20 வருஷம் கிடந்தது அப்படி இருக்காது, முழுக்கத் தோய்ந்து கெட்டிருக்கும். அவசரமாக வேகவைத்த சோறு வேறு, நிதானமாக வெந்தது வேறு.

நம்ம ஊர் வெயிலும் உப்புக் காற்றும் ஏதாவது செய்யுமா?

செய்யும், ஆனால் மக்கள் நினைக்கிற வழியில் இல்லை. கத்திரி வெயிலில் வெளியே 40 என்றால், கூரைத் தளத்துக்குள் புதைத்த குழாயிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியிலும் 50ஐத் தொடும். கேபிளின் கரன்ட் அளவு நம் நாட்டில் பொதுவாக 40 டிகிரி காற்றை வைத்துச் சொல்லப்படுவது. 70 டிகிரி பிவிசிக்கு 40இல் 30 டிகிரி இடைவெளி இருந்தது, 50இல் 20தான். அதனால் 20 ஆம்பியர் தாங்கிய வயர் இப்போது 16ஐக் கொஞ்சம் தாண்டியே தாங்கும். அதே குழாயில் ஏசி, கீசர், மோட்டார் என்று ஆறு வயரைத் திணித்தால் இன்னும் குறையும்.

உப்புக் காற்று பிவிசியை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. அது தாக்குவது டெர்மினலை. தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கத்து வீடுகளிலும் புதுச்சேரியில் கடலை ஒட்டிய தெருக்களிலும் செம்பு பச்சை பிடித்து, ஸ்க்ரூ துருவேறி, இணைப்பில் தடை கூடி அந்த ஒரே இடம் சூடாகும். வயர் 10 மீட்டரும் புதுசு மாதிரி இருக்கும், கடைசி இரண்டு அங்குலம் மட்டும் கருகியிருக்கும். அப்படிப் பார்த்தால் வயரைத் திட்டாதீர்கள், ஸ்க்ரூவைத் திட்டுங்கள்.

வெயில் நேரே படும் வயருக்குச் சூட்டோடு புற ஊதாக் கதிரும் சேர்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கரை கடந்த அன்று எங்கள் வீட்டு சர்வீஸ் வயர் அறுந்தது. பிறகு கரன்ட் வந்ததும் அவசரத்துக்குக் கையில் கிடைத்த வெள்ளை வயரை இழுத்துக் கட்டினேன், நானேதான், எலெக்ட்ரீஷியன். "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றது ஏழு வருஷம் தொங்கியது. இறக்கிப் பார்த்தபோது வெயில் பட்ட பக்கம் முழுக்க ஆற்று வண்டல் மாதிரி வெடித்திருந்தது, நிழல் பக்கம் பரவாயில்லை. வெளியில் போடும் கேபிள்களுக்குக் கறுப்பு நிறம் அழகுக்காக இல்லை, அதில் கலக்கும் கார்பன் கறுப்பு கதிரை உள்ளே விடாது. மாடியில் சோலார் போடுகிறவர்கள் சோலாருக்கென்றே வரும் டிசி வயரைக் கேட்டு வாங்குங்கள், வீட்டு வயரை ஓட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுவிட்ச் போர்டு பக்கம் மீன் வாடை வருகிறது. எலி செத்திருக்குமா?

உடனே மெயினை நிறுத்துங்கள். சுவிட்ச், பிளக், ஹோல்டர் செய்யும் யூரியா ஃபார்மால்டிஹைடு போன்ற பிளாஸ்டிக்குகள் அதிகம் சூடானால் அமீன் வாயுக்களை விடும், அது அசல் மீன் வாடை. மற்ற ஊரில் சட்டென்று சந்தேகம் வரும், கடலூர் ஓல்டு டவுனில் யாருக்கு வரும் சொல்லுங்கள்? ஒரு வீட்டில் வாரக்கணக்கில் சமையலறையையே கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கீசர் பிளக்கின் ஒரு கால் லூஸாகி சாக்கெட் உள்ளே பழுப்பாகியிருந்தது. பேக்லைட் இந்த வகையில் அண்ணன் தம்பி உறவு, உருகாது, ஆனால் கரியாகும், கரி மின்சாரம் கடத்தும், அப்புறம் கரியின் மேலேயே தீப்பொறி ஓடும்.

போர்வெல் மோட்டார் வருஷத்துக்கு ஒருமுறை கருகுகிறது. வயர் தரம் சரியில்லையா?

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து விவசாயிகள் அதிகம் கேட்பது இது. நீர்மூழ்கி மோட்டாரின் சுற்று வயரில் மற்ற மோட்டார்களில் போல எனாமல் பூச்சு மட்டும் இருக்காது, தண்ணீரில் ஊறிக் கிடப்பதால் பிவிசி தோலோ பாலி படலமோ சுற்றியிருக்கும். தண்ணீர் குளிர்விக்கும் என்று நம்பிச் செய்தது அது, சூடு தாங்கும் சக்தி மேலே ஓடும் மோட்டாரைவிடக் குறைவு. நீர்மட்டம் இறங்கி மோட்டார் வறண்டு ஓடினால், அல்லது சேறு மூடினால், உள்ளே நிரப்பிய தண்ணீரே கொதிநிலைக்குப் போகும், தோல் இளகிச் செம்போடு செம்பு தொடும்.

அதைவிடப் பெரிய எமன் ஒரு பேஸ் போவது. மூன்றில் ஒன்று போனால் மிச்ச இரண்டும் அதே பாரத்தை இழுக்க ஏறத்தாழ 1.7 மடங்கு கரன்ட் எடுக்கும், அந்தச் சுற்றுகளில் சூடு மூன்று மடங்கு. ராத்திரி ரெண்டு பேஸ் இருக்கும்போது கண்டென்சர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான், மோட்டார் சுற்றும், ஆனால் கரன்ட் சமமாகப் பிரியாது. ஒவ்வொரு ராத்திரியும் ஆயுளில் ஒரு மாசம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் கைக்கணக்கு, ஆய்வு இல்லை. சிங்கிள் பேஸிங் தடுப்பானும் டிரை ரன் தடுப்பானும் போட்டால் ரீவைண்டிங் செலவு மிச்சம். இதை ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு மைத்துனர் முறைக்கிறார்.

எஃப் கிளாஸ் வயர் போட்டிருக்கிறேன் என்கிறார் கடைக்காரர். போதுமா?

போதாது. வயர் மட்டும் எஃப், காயில் உட்காரும் பள்ளத்தில் வைக்கும் ஸ்லாட் பேப்பர் லெதராய்டு என்ற சாதாரண கெட்டிக் காகிதம், முனைகளில் பருத்தி ஸ்லீவ் என்றால் மொத்த மோட்டாரும் அந்தப் பேப்பரின் கிளாஸுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வார்னிஷில் ஊறிய காகிதமும் பருத்தியும் கிளாஸ் ஏ, 105 டிகிரிதான். பாலியெஸ்டர் படலம் 130 பக்கம் நிற்கும், நோமெக்ஸ் மாதிரி அராமிட் பேப்பர் இன்னும் மேலே போகும். வயர், பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ் நான்கையும் கேளுங்கள். வார்னிஷைச் சரியாக ஓவனில் வாட்டாமல் வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் அது சுற்றுகளை இறுக்கிப் பிடிக்காது, அதிர்வில் உரசி எனாமல் தேயும்.

புதுச்சேரியில் தாத்தா காலத்து வீடு. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர் இன்னும் வேலை செய்கிறது. தொடலாமா?

தொடாமல் மாற்றுங்கள், அதாவது ஆள் வைத்து. அது பெரும்பாலும் துணி சுற்றிய ரப்பர் வயர். ரப்பரைப் பதப்படுத்தக் கலந்த கந்தகம் செம்பைக் கெடுக்கும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பல பத்தாண்டு சூட்டில் அந்த ரப்பர் பிஸ்கட் ஆகியிருக்கும். மேலே துணி பிடித்துக்கொண்டிருப்பதால் நிற்கிறது. அதன் நுனியில் புது சுவிட்ச் மாட்டுகிறேன் என்று திருப்பினால் வரிசையாக உதிரும். பழைய வீட்டில் ஏசி போடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தெர்மோகோல், அதன் மேல் வயர். பிரச்சனையா?

ஆமாம். வயரின் பிளாஸ்டிசைசர் தெர்மோகோலுக்குள் ஊறிப் போகும். தெர்மோகோல் இளகி வயரைச் சுற்றிப் பள்ளமாகும், வயர் விறைக்கும். போதாததற்கு வயரின் சூடும் வெளியே போக வழியில்லை. குழாய்க்குள் விட்டு ஓட்டுங்கள்.

தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே கதையா?

அதற்குள் எண்ணெயில் ஊறிய காகிதம். காகிதமும் பாலிமர்தான், செல்லுலோஸ். புதுசில் ஒரு சங்கிலியில் 1000 கண்ணிக்கு மேல் இருக்கும், 200க்கு இறங்கினால் பலம் போய்விட்டது என்று கணக்கு. ஈரம் இருந்தால் இன்னும் வேகம். எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, காகிதம் சிதையும்போது அதில் கரையும் ஃபியூரான் என்ற பொருளின் அளவைச் சோதித்தால், உள்ளே திறக்காமலே காகிதத்தின் வயசு தெரியும். இங்கேயும் பாருங்கள், எண்ணெய் நன்றாக இருந்தால் மெகர் ஏமாற்றும்.

வீட்டில் நானே என்ன பார்க்கலாம்?

மெயினை நிறுத்தி, டெஸ்டரால் உறுதி செய்த பிறகு: அதிகம் இழுக்கும் பாயின்ட்டுகளின் பிளேட்டை மட்டும் கழற்றுங்கள். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, மோட்டார். வயரின் கடைசி அங்குலத்தின் நிறத்தை நடுப்பகுதியோடு ஒப்பிடுங்கள். லேசாக வளையுங்கள், வெள்ளைக் கோடு விழுந்தாலோ நகத்தால் அழுத்தினால் தடம் பதியாமல் போனாலோ அந்தத் துண்டு முடிந்தது. கருகிய முனையை வெட்டி, நல்ல செம்பு வரும்வரை பின்னால் போய், புதிதாக இணைக்க வேண்டும். டேப் சுற்றுவது வைத்தியம் இல்லை. நீளம் போதவில்லை என்றாலோ குழாய்க்குள்ளும் விறைத்திருந்தாலோ லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு அந்த ஓட்டத்தையே மாற்றுங்கள்.

கழற்றிய பழைய வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கலாமா?

வேண்டாம். நான் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் குளோரைடு மொத்தமாக வெளியே வரும், மூச்சில் ஈரம் பட்டால் அமிலம், கூடவே டையாக்சின் என்ற விஷமும் உண்டாகும். பழைய இரும்புக் கடைக்காரர் தோலோடும் எடுப்பார், உரித்துக் கொடுத்தால் விலை கூடும். நன்றாக வயசான வயர் என்றால் கத்திகூட வேண்டாம், முழங்காலில் வைத்து நான்கு முறை வளையுங்கள், தோல் தானாகக் கீழே கொட்டும்.